மனோர் பார்க்கில் தலைவர் விலகிய ஞாயிறு

நடந்தவை எல்லாவற்றையும் நான் முன்னரே சொல்லியிருந்தேன். பொன்னையா அண்ணை தலைவர் கதிரையை இழப்பார் என்று லண்டனில் மிச்சம் என்ற இடத்து முடிதிருத்தும் கடையில் வைத்துச் சொன்னவன் நான். கடைக்காரரே சாட்சி, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் இரண்டு அணிகள். தேர்தலுக்கு முன் ஒவ்வொரு அணியும் தன் வேட்பாளரைத் தனக்குள்ளே தெரிவு செய்யும். அமெரிக்காவில் ஜனாதிபதிக்கும் இப்படித்தானாம். எங்களைப் பார்த்துத்தான் பழகியிருப்பார்கள். எதிரணி இப்போது ஒரு குடும்பமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே எங்களுக்குள் வெல்பவரே தலைவர். பதவியில் இருப்பவரை அவருடைய அணிக்குள்ளேயே எவரும் எதிர்த்ததில்லை. இம்முறை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் வசந்தி ரீச்சர் எதிர்த்தார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்தைப் பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடத் தலைவர் முடிவெடுத்திருந்தார். ரீச்சர் தோற்றால் வகுப்பு இல்லை.

கூட்டம் மனோர் பார்க்கில், பகல் பதினொரு மணிக்கு. மிச்சம் ஜங்ஷனில் ரயிலேறி, ஃபாரிங்டனில் எலிசபெத் லைனுக்கு மாறினால் நேரே போய் இறங்கலாம். சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஆளுக்கு ஐந்து பவுணுக்குள் முடியும். அன்று பாதையில் திருத்த வேலை. முதல் பகுதிக்கு பஸ் விட்டிருந்தார்கள். சாரதி எங்கள் ஆள்.

"தம்பி, சுருக்கு வழி ஒண்டு இருக்கு, சொல்லுறன்," என்றேன்.

"அண்ணை, நீங்கள் இருங்கோ. வழியை நான் பாக்கிறன்."

பஸ்ஸில் மனைவியிடமும் சொன்னேன், ரீச்சர்தான் வெல்லுவார் என்று.

"அப்ப அவவுக்குக் கை உயர்த்துவியளோ?"

"பாப்பம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பதவியில் இருப்பவர் முதலில் "எனக்குப் போதும்" என்பார். சபை மன்றாடும். பிறகு அலுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். கூட்டம் தொடங்கியதும் பொன்னையா அண்ணையும் எழுந்தார்.

"எனக்கும் வயசு போகுது. ஆரும் புது ஆள் வரட்டும்," என்று சொல்லிவிட்டு, மன்றாட்டுக்காகக் காத்தபடி மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் துடைத்தார்.

பின்வரிசையில் ஒரு குரல் மட்டும், "அண்ணை, நீங்கள் இல்லாமல் ஏலுமே?" என்றது. வேறு எவரும் மன்றாடவில்லை. அண்ணை கண்ணாடியின் மற்றப் பக்கத்தையும் துடைத்தார்.

அப்போதுதான் நான் எழுந்து கைதட்டினேன். "பெரிய மனசு அண்ணை. இவ்வளவு காலமும் செய்தது காணும், இனி ஓய்வெடுங்கோ," என்றேன். மண்டபமே கைதட்டியது.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் தலைவர்.

"சொன்னனீங்கள் அண்ணை. எல்லாரும் கேட்டனாங்கள்," என்றார் ரீச்சர், மிக மரியாதையாக. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. வகுப்பு தப்பியது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு என்றால் ரயில் ஓடுகிறதா என்று முதல்நாளே பாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கூட்டம் முடிந்தால்தான் சோறு. மனோர் பார்க் முருகனையும் கும்பிட்டு வரலாம். நீங்கள் பதவியில் இருப்பவர் என்றால், மரியாதைக்குக்கூடப் பதவி வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இதை வாசித்த மனைவி ஒரு திருத்தம் கேட்கிறார். எழுந்து கைதட்டியது நான் இல்லை, அவர். அந்தப் பேச்சும் அவருடையதுதான். பின்வரிசைக் குரல்தான் என்னுடையது. மன்றாடி மன்றாடி வாய் பழகிப்போயிற்று.