வலிச்சா சொல்லுங்க

சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் குடித்த சாற்றுக்கு ஒரு தோப்பே காலியாகியிருக்கும். கல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அதிர்வலை கொடுத்து உடைத்துப் பார்க்கலாம் என்றார் தஞ்சாவூர் டாக்டர். "இதுல உடையலைன்னா முதுகுல துளை போட்டுத்தான் எடுக்கணும். ஆஸ்பத்திரியில தங்கணும், கூட ஆள் வேணும்."

கூட ஆள். என் கணவர் போன பிறகு இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். திருவாரூரில் தம்பி இருக்கிறான், கூப்பிட்டால் வருவான். ஆனால் சம்பா அறுப்பு நேரம். அறுப்பு மிஷின் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அவனை எப்படி வயலை விட்டு வரச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்பதற்கு வீம்பு. காலையில் பஸ் ஏறித் தனியாகவே போனேன்.

நர்ஸ் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் வரலை."

"அப்ப மயக்க ஊசி போட மாட்டாங்கம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்ல. வலிக்கு மட்டும் ஒரு ஊசி போடுவாங்க. தாங்குவீங்களா?"

தாங்குவேன் என்றேன்.

மேசையில் படுக்க வைத்து, விலாவுக்குக் கீழே ஜெல் தடவி, தண்ணீர் நிரம்பிய ரப்பர் பையை அழுத்தினார்கள். மிஷினை இயக்குபவர் நரைத்த மீசைக்காரர். "வலிச்சா சொல்லுங்கம்மா, குறைச்சு வைக்கிறேன். அசைய மட்டும் கூடாது, கல்லு குறி தப்பிடும்" என்றார்.

டக், டக் என்று ஆரம்பித்தது. முதலில் யாரோ விரலால் சுண்டுவதுபோல இருந்தது. போகப் போக விலாவைத் தாண்டி வயிற்றுக்குள் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தேன்.

சத்தம் நின்றது. "ஏம்மா மூச்சை அடக்குறீங்க? விடும்போது கல்லு மேலயும் கீழயும் ஓடுது. அடியெல்லாம் வீணாப் போவுது. இங்க யாரும் மார்க் போடலை. வலிக்குதா, இல்லையா?"

வலிக்குது என்று ஒருவரிடம் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நிலைப்படியில் கால் இடித்தால்கூடச் சற்று நின்றுவிட்டு நடந்துவிடுவேன். யார் காதில் விழப்போகிறது என்று முனகுவது? ஆனால் கல் உடையாவிட்டால் ஆள் தேட வேண்டும். அந்தப் பயம்தான் வாயைத் திறக்க வைத்தது.

"வலிக்குது" என்றேன். குரல் யாருடையதோபோல இருந்தது.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? குறைச்சாச்சு. மெதுவா மூச்சு விடுங்க, கொஞ்சங்கொஞ்சமா ஏத்திக்கலாம்."

கண் நிறைந்துவிட்டது. வலியால் என்று அவர் நினைத்திருப்பார். அதன்பின் தாங்க முடியாதபோதெல்லாம் சொன்னேன். அவரும் குறைத்து, காத்திருந்து, மறுபடி ஏற்றினார். வெகுநேரம் கழித்துத் திரையைப் பார்த்து, "உடைஞ்சிடுச்சும்மா, பொடியாத் தெரியுது. இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. வலியும் அதற்குள் தாங்கும்படி ஆகியிருந்தது. இருந்தும் இன்னொரு தடவை "வலிக்குது" என்றேன்.

"இதோ, குறைச்சுட்டேம்மா" என்றார்.