‘கீழ பாரு’ என்றார்கள், பார்த்தேன்

நடுக்கடலில் எங்கள் படகு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று நான் முழுசாக ஒரு நிமிடம் நம்பினேன். ஒரு நிமிடம் என்பது கேட்பதற்குக் கொஞ்சம்தான். அதற்குள் ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் எத்தனை காரியத்தைக் கெடுக்க முடியும் என்பதை நான் செய்தே காட்டியிருக்கிறேன்.

நடந்தது போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் நடுவே இருக்கும் ஒரு குப்பத்துக் கரையிலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் படகில் போனால் வருகிற இடம்.

எனக்கு மயிலாப்பூரில் மூக்குக் கண்ணாடிக் கடை. காலையிலிருந்து ராத்திரி வரை என் வேலையே அடுத்தவரைப் பார்க்கச் சொல்வதுதான். மேலே பாருங்க, கீழே பாருங்க, இப்பப் பாருங்க, முன்னாடி நல்லா இருந்ததா, இப்ப நல்லா இருக்கா. வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாது. என் ஜோக்குகளை இருபத்தாறு வருடமாகக் கேட்டு வரும் ஒரே ரசிகை என் மனைவி. அவள், வாரத்தில் ஒரு நாளாவது இவர் வேறு யாரிடமாவது பேசட்டும் என்று வேண்டிக்கொள்ளாத தெய்வம் இல்லை.

அந்த வேண்டுதல் பலித்தது என் கடையில்தான். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போலராய்டு கண்ணாடி கேட்டு வந்தார். தண்ணீர் மேல் வெயில் பளபளக்கிறது, உள்ளே இருக்கும் மீன் தெரியவில்லை என்றார். நான் மூன்று வருடமாகக் கரையிலிருந்து தூண்டில் வீசி, இரண்டு செருப்பும் ஒரு பாவாடை நாடாவும் பிடித்தவன். விடுவேனா? கண்ணாடியை மாட்டிவிட்டபடியே பேச்சைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் ஒரு ஃபைபர் படகில் நாலு பேர் கடலுக்குப் போய் தூண்டில் போடுகிறார்கள், இப்போது ஒரு இடம் காலி என்று தெரிந்தது.

“ஏன் காலி?” என்றேன்.

“முன்னாடி வந்தவர் ஒரு பெரிய அலையைப் பார்த்து எழுந்து நின்னுட்டார் சார். நல்ல மனுஷன். இப்ப கரையில வாக்கிங் போறார்.”

இவர்களுடைய சட்டம் அது. சின்னப் படகில் ஒருவர் எழுந்து நின்றால் எல்லோருக்கும் ஆபத்து. அதனால் புது ஆளை ஒரு ஞாயிறு கூட்டிப் போய்ப் பார்ப்பார்கள். ஆள் சரிப்பட்டால் இடம் அவருக்கு. இல்லையென்றால் மரியாதையாக, அடுத்த வாரம் போன் வராது. எனக்கு அந்த இடம் வேண்டும். என் மனைவிக்கு என்னைவிட அதிகமாக வேண்டும். காலை நாலரை மணிக்கு அவளே எழுந்து காபி போட்டுக் கொடுத்து என்னை வழியனுப்பினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் என்னைச் சேர்த்து நாலு பேர். பின்னால் இன்ஜினில் படகுக்காரர், அந்தக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நடுவில் பட்டறைக்காரர். முன்னால், வேளச்சேரியிலிருந்து வரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், புது அரைக்கால் டிரவுசரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுமாக, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கரையோரத்து அலைகளைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்த ஸ்லோகம் எல்லாம் தீர்ந்துவிட்டது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது, அப்புறம் தண்ணீரைப் பார்த்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்தேன். ஒரு அலை அப்படியே தலையில் கொட்டி இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைத்தது. கண்ணாடி முழுக்க உப்பு. கண்ணாடிக் கடைக்காரனுக்கு எதிரில் இருப்பது எதுவும் தெரியவில்லை.

“நைனா, எய்ந்து மட்டும் நிக்காத. மத்தபடி கத்து, அழுவு, இன்னா வேணா பண்ணிக்கோ” என்றார் படகுக்காரர்.

அலை தாண்டியதும் கடல் தட்டுப்போல ஆகிவிட்டது. அப்புறம் அந்த மூன்று பேரும் என்னை ஆளாக்கிய அழகு இருக்கிறதே! படகுக்காரர் ஒரு துண்டு இஞ்சி மொரப்பாவை என் வாயில் திணித்து, குமட்டினால் படகுக்குள் பார்க்காதே, தூரத்தில் தெரியும் கரையைப் பார் என்றார். அந்தப் பெண் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட வேண்டுமாம். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசலில் சூடாகி அங்கேயே பலவீனமாகிவிடும், பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துபோகும். பட்டறைக்காரர் தானே உருக்கி வார்த்த ஈயக் குண்டுகள் நாலைந்தைக் கொடுத்தார். உருண்டையாக இல்லாமல் நீளமாக, பாறை இடுக்கில் சிக்காதபடி வார்த்திருந்தார்.

வழியில் நிறுத்தி, சின்னச் சின்ன ஊசிகள் கோத்த நரம்பை இறக்கி, இரைக்காக ஒரு வாளி கவலை மீன் பிடித்தார்கள். உயிரோடு இருந்தால்தான் பெரிய மீன் வரும். அதனால் வீட்டு மீன் தொட்டியில் வைக்கிற குட்டி மோட்டாரை பேட்டரியில் ஓட்டி, வாளிக்குள் காற்று விட்டார்கள். விடிந்ததிலிருந்து அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த சொத்து என்றால் அந்த ஒரு வாளிக் கவலைதான்.

பிறகு படகுக்காரர் இன்ஜினை மெதுவாக்கிக் கரையைப் பார்த்தபடியே போனார். தூரத்துப் பரங்கிமலையும் முன்னால் இருக்கும் ஒரு அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வர வேண்டும். வலது பக்கம் கோயில் கோபுரம் ஒரு டவரின் பின்னால் மறைய வேண்டும். ரெண்டும் ஒத்துவருகிற இடம்தான் மீன் இருக்கும் இடம். கையில் போன் இருந்தது, அதில் வரைபடமும் இருந்தது. ஆனால் அவர் போனைப் பார்த்தது தோசைக்கு எத்தனை மணிக்குக் கரை சேரலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

கொஞ்சம் தள்ளி, இவர்களுக்குத் தெரிந்தவர்களின் இன்னொரு படகு நின்றது. இடம் கிடைத்தால் மற்றவரையும் கூப்பிடுவது இவர்கள் வழக்கம். படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

“கீழ பாரு கீது! கல்லு போடு!”

இதில் என் காதில் விழுந்தது ‘கீழ பாரு’ மட்டும். தினமும் அறுபது பேரை அப்படிச் சொல்லிக் குனிய வைக்கிறவன் நான். என்னைப் பார்த்து ஒருவர் சொன்னால் பார்க்காமல் இருப்பேனா? பார்த்தேன்.

என் கணுக்கால் வரை தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை. ஜில்லென்று, லேசாகச் சிவப்பாக.

படகில் ஓட்டை. அடியில் எதுவோ கடித்திருக்கிறது. யாருக்கோ ரத்தம் வருகிறது. அது நானாகத்தான் இருக்க வேண்டும், கால் மரத்துப்போனதால் தெரியவில்லை. இவ்வளவையும் நான் ஒரே மூச்சில் முடிவு செய்தேன்.

செய்யக் கூடாத அந்த ஒன்றைச் செய்தேன். எழுந்து நின்றேன்.

படகு ஆடியது. தண்ணீரை இறைக்க ஏதாவது வேண்டும். கண்ணெதிரே வாளி. ஆனால் வாளி நிறைய ஏதோ இருந்தது. வாளியைக் காலி செய்தால்தானே இறைக்க முடியும்? சமயோசிதமாக அப்படியே கடலில் கவிழ்த்தேன். மோட்டாரும் சேர்ந்து போனது. அதன் ஒயர் பேட்டரியோடு கட்டியிருந்ததால் படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு கடலுக்குக் காற்று விட்டது. நான் சிவப்புத் தண்ணீரை வெறியோடு இறைத்தேன். முதல் வாளி பட்டறைக்காரர் மேல்தான்.

பட்டறைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. முன்னால் இருந்த பெண் மட்டும் காலி வாளியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சார் நம்ம கவலையெல்லாம் போக்கிட்டார்ணா.”

படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் படகு மறுபடியும் ஆடியது. அப்புறம்தான் விளக்கம். பாரு என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. அங்கேதான் மீன் தங்கும். கீழே பாறை இருக்கிறது, நங்கூரம் போடு என்று பக்கத்துப் படகுக்குச் சொல்லியிருக்கிறார். தண்ணீர், ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டிக்குள் ஐஸையும் கடல் தண்ணீரையும் கலந்து, இரைக்கான கணவாய் மீனையும் போட்டு வைத்திருந்தார்கள். அதோடு முந்தின வாரத்து மீன் ரத்தக் கறை வேறு. பெட்டியின் அடியில், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. அதன் திருகு மூடியைக் காணோம்.

“மூடி எங்க போச்சு?” என்றார் பெண்.

“அலையில கழண்டு விழுந்திருக்கும்” என்றார் பட்டறைக்காரர், எங்கோ பார்த்தபடி. ஒரு துணியைக் கிழித்து, அவருடைய ஈயக் குண்டு ஒன்றில் சுற்றி, ஓட்டையில் அடித்து இறுக்கினார்.

இந்தக் காலத்துப் பொருள்களின் தரமே சரியில்லை, மூடிகூட ஒழுங்காகச் செய்வதில்லை என்று நான் நீளமாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மூன்று பேரும் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

உயிர் இரைக்கு என்ன செய்வது? அதற்குள் பக்கத்துப் படகு வந்து நங்கூரம் போட்டிருந்தது. எங்கள் படகுக்காரர் நடந்ததைச் சொல்ல, அந்தப் படகில் ஒரே சிரிப்பு. “எங்ககிட்ட ரெண்டு வாளி கவலை கீது, ஒண்ணு வாங்கிக்க” என்று அங்கிருந்து குரல் வந்தது. நீளக் காம்பு வைத்த கைவலையில் துள்ளத் துள்ள மீன்களை அள்ளி இந்தப் பக்கம் நீட்டினார்கள். வாளியை என்னிடம் தர வேண்டாம் என்றும் ஒரு குரல் கேட்டது.

அரை மணி நேரத்தில் என் தூண்டில் வளைந்தது. இந்தத் தடவை உட்கார்ந்தபடியேதான் அலறினேன். நரம்பை விடு என்றார் ஒருவர், சுற்று என்றார் இன்னொருவர், வாயை மூடு என்றார் படகுக்காரர். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்ததில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சங்கரா மேலே வந்தது. எச்சில் தொட்ட முடிச்சு அறவில்லை. என் வாழ்க்கையில் செருப்பு அல்லாத முதல் மீன்.

கரைக்கு வந்து மணலில் கால் வைத்த அடுத்த நொடி படகுக்காரர் திரும்பினார். அப்பப்பா, என்ன திட்டு! எழுந்து நின்றதற்கு ஒரு பாட்டம், வாளியைக் கவிழ்த்ததற்கு ஒரு பாட்டம். திட்டி முடித்து டீ வாங்கிக் கொடுத்தார். கடலில் ஏன் திட்டவில்லை என்று கேட்டேன். “பயந்தவன கடல்ல திட்டக்கூடாது சார். இன்னும் பயந்துக்குவான், இன்னும் தப்பு பண்ணுவான். அதெல்லாம் கரையிலதான்.”

அடுத்த வாரம் போன் வராது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நின்றாகிவிட்டது. கரையோர வாக்கிங்குக்கு நல்ல ஷூ வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

மத்தியானம் மனைவி என் டிரவுசரைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவினாள். “இது எந்த பாட்டிலோட மூடிங்க? இவ்ளோ பெருசா?”

வெள்ளை பிளாஸ்டிக் மூடி. சுற்றிலும் திருகு மரை.

தட்டில் இருந்த சங்கராவை அப்படியே விட்டு எழுந்தேன். அலைகளைத் தாண்டும்போது கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்தேன் என்றேன் அல்லவா? கைப்பிடி என்று நினைத்து இதைப் பிடித்து, பயத்தில் திருகியிருக்கிறேன். கடையில் திருகாணியோ மூக்குத் தாங்கியோ கையில் கழன்று வந்தால் கீழே விழுந்து தொலையாமல் உடனே பைக்குள் போட்டுக்கொள்வது என் பழக்கம். கை அந்தப் பழக்கத்தில் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. எனக்குத் தகவல் இல்லை.

பேசாமல் குப்பையில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அலையில் விழுந்தது என்று அவர்களே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் மிச்சம் மீதி இருக்கிற மரியாதையும் போகும். சொல்லாவிட்டால், என் தரமற்ற மூடிச் சொற்பொழிவு எனக்கே ஆயுள் முழுக்கக் காதில் ஒலிக்கும். கடைசியில் அதைப் படம் எடுத்து, அவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘என் பையில் இருந்தது, கழற்றியது நான்தான், மன்னிக்கவும்’ என்று எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பட்டறைக்காரரிடமிருந்து பதில் வந்தது. “ஒண்ணேகால் இஞ்ச். நனைஞ்ச டிரவுசர்ல மரைகூட தெரிஞ்சுது சார். ஞாயித்துக்கிழமை மறக்காம கொண்டாங்க.”

அதன் கீழே அந்தப் பெண்: “நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தோம். எழுந்து நிக்கிறவங்களை உட்கார வெச்சிடலாம். முன்னாடி வந்தவர் தான் நிக்கவே இல்லைன்னு சாதிச்சார். செஞ்சதைச் சொல்லாதவங்களோட கடலுக்குப் போக முடியாது.”

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாலாவது இடம் என்னுடையது. வாளிப் பக்கம் மட்டும் உட்கார விடமாட்டார்கள். கடையில் பையன்கள் யாராவது லென்ஸை உடைத்தால், வாடிக்கையாளர் படியிறங்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. கடல் எனக்குக் கொடுத்த பெரிய மீன் அந்தப் பழக்கம்தான்.

மற்றபடி அன்று நடந்தது இவ்வளவுதான்: படகில் ஓட்டை இல்லை. மூடி என் பையில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடைக்காரன் மட்டும் பார்க்கவில்லை.