இரண்டு கால், ஒரு ஜெபம்

ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைத்துக்கொள்ளட்டும். ஒருமுறை கண்ணை மூடி ஏமாந்திருக்கிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் தெரு. தெரு முனையில் ஓட்டுக்கூரை போட்ட வேதக்கோயில். பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். பிரசங்கம் முடிந்ததும் பொது ஜெபம். நாட்டை ஆளுகிறவர்களுக்காக, மழைக்காக, ஆற்றில் தண்ணீர் வருவதற்காக, நோயாளிகளுக்காக என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நாங்கள், “கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்” என்போம்.

ஜெபத்தில் யார் பெயரையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு. யார் பெயரை முதலில் வாசிப்பது என்று எப்போதோ இரண்டு வீட்டார் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். அதிலிருந்து ‘ஒரு சகோதரர்’, ‘ஒரு சகோதரி’ என்றுதான் வாசிப்பார்கள்.

கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்த புதிது. ஆட்சி மாறியும் எங்கள் கூலி மாறவில்லை. கூட்டிக் கேட்டோம். மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கினார். நாங்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து மறித்தோம். மிராசுதாரின் காரியக்காரர் கையைக் காட்டினார். தடி வைத்திருந்தவர்கள் பாய்ந்தார்கள். என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவன் மேல் போலீஸ் கேஸ் எழுதியது.

மாயவரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். காயம் சீழ் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை வரை பார்ப்போம், வீக்கம் இறங்காவிட்டால் காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயலில் இறங்கிப் பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? சனிக்கிழமை உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். “சரிம்மா, பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் பொது ஜெபத்தில், “கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு சகோதரருக்காக” என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். தெருவே என்னோடு சேர்ந்து கத்தியது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசற்படி ஓரம் காரியக்காரர் மனைவி நிற்கிறாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் கோயில் பக்கமே அவள் வந்ததில்லை. ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தால் அவள் வந்து நின்றதைப் பார்த்திருப்பேன்.

“எங்க வீட்டுக்காரருக்காக இவ்வளவு சத்தமா வேண்டினீங்களே, நல்லா இருப்பீங்க” என்றாள்.

அன்றைய அடிதடியில் அந்த ஆளும் வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டானாம். அவனும் மாயவரத்தில்தான் கிடந்தானாம். நான் உபதேசியாரைத் தேடிப் போய்ப் பிடித்தேன்.

“அய்யா, ஜெபத்துல எங்க அண்ணன் எங்க?”

“இல்லம்மா, கேஸ் இருக்கு. கோயில் இருக்குற மனையே மிராசுதார் குடுத்தது. அந்தம்மா நேத்து அழுதுகிட்டு வந்து நின்னாங்க. ரெண்டு பேருக்கும் காலுதானே, அதான் ஒண்ணா...”

“ரெண்டு கால் ஒடிஞ்சு கெடக்கு, ஒரு ஜெபமா?”

“ஆண்டவருக்குத் தெரியாதாம்மா?”

“அவருக்குத் தெரியும். உங்களுக்கு வாய் வரலயே! நீங்க மனசுல நெனச்சது யார? சொல்லுங்க.”

அவர் குனிந்துகொண்டார். அண்ணன் அவர் நினைப்பிலேயே இல்லை என்று புரிந்துபோனது.

பக்கத்து வீட்டு அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். “விடுடி. வேண்டினத திருப்பி வாங்க முடியுமா?”

“திருப்பி வேணாம். எங்களுக்கு உள்ளதச் செய்யட்டும்.”

நேரே போய் மணிக்கயிற்றை இழுத்தேன். எங்கள் தெருவில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் சாவு என்று அர்த்தம். கோபத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணன் செத்துவிட்டான் என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“சாகல” என்றேன். “உள்ள வாங்க.”

“அடிப்பாவி, உலையில அரிசியப் போட்டுட்டு ஓடியாறேன்!” என்றாள் ஓடி வந்தவர்களில் ஒருத்தி.

“கொழஞ்சா கஞ்சியா குடி.”

திட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். எங்கள் கோயிலில் பெண்கள் எழுந்து நின்று ஜெபம் சொன்னதில்லை. நான் சொன்னேன். அண்ணன் பெயரைச் சொன்னேன், அப்பன் பெயரைச் சொன்னேன், எந்தக் கால், எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று சொன்னேன். “நாளைக்கு அவன் கால எடுக்கப் போறாங்க ஆண்டவரே, எடுக்க விடாதேயும்” என்று முடித்தேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரியக்காரர் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாளே, அந்தப் பயம். உபதேசியார் கூடத் தரையைப் பார்த்தார். நான் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கதவோரத்திலிருந்து, “கேட்டருளும்” என்று ஒரு குரல். அவள்தான். முழு வாக்கியம் அவளுக்கு வராது. சற்று முன்னால் எங்களிடம் கேட்டதில் கடைசி வார்த்தை மட்டும் அவளுக்கு நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு வாய் வந்தது. அன்று எழுந்த சத்தத்தில் ஓட்டிலிருந்த புறாக்கள் பறந்தன. அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வீக்கம் வடிய ஆரம்பித்தது. காலை எடுக்கவில்லை. ஊசி மருந்து கேட்டதா, ஜெபம் கேட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் இரண்டையும் கேட்டேன். காரியக்காரரும் எழுந்து நடந்தார். அவருக்காக நான் கத்திய கத்தலுக்கு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு வாரம் அதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது எங்கள் சபையில் பெயர் சொல்லித்தான் வேண்டுகிறோம். பட்டியலை வாசிப்பது நான். நீளமாகப் போகிறது, சோறு ஆறுகிறது என்று குறை சொல்கிறார்கள். ஆறட்டும். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். மடங்காத அந்தக் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டுதான் உட்கார முடியும். காணிக்கைத் தட்டு எடுத்து வருகிறவர்கள் வாரம் தவறாமல் அதில் தடுக்குவார்கள். கண் திறந்திருப்பதால், அதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுகிறேன்.