கண்ணாடிச் சட்டத்தில் ஜிகினா

எங்கள் முதலாளியின் நாற்காலிக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட காப்புரிமைச் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைச் சுற்றி ஜிகினாச் சரம் கட்டுவது என் வேலை. கட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சான்றிதழில் இருப்பது முதலாளியின் பெயர். கண்டுபிடித்தவர் எங்கள் மிஷின் மாஸ்டர்.

மிக்சர், முறுக்கு பாக்கெட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை அச்சடிக்கும் திண்டிவனத்து அச்சகம் எங்களுடையது. வெயில் காலத்தில், ஓடுகிற பிளாஸ்டிக் சுருளில் மின்சாரம் ஏறிவிடும். தொட்டால் சுளீரென்று அடிக்கும். ஒருமுறை அந்தப் பொறி மைத்தொட்டியில் பற்றி ஒருவர் கை வெந்துபோனது. அந்த வருடம் பூஜைக்கு மிஷினில் கட்டிய ஜிகினாவை அவிழ்க்க மறந்துவிட்டோம். சித்திரை வரை தொங்கியது. அது தொங்கிய இடத்தில் மட்டும் ஷாக் குறைவாக இருந்ததை, கண்டமங்கலத்திலிருந்து வந்துபோகும் மாஸ்டர்தான் கவனித்தார். சரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து, கடைசியில் அதிலிருந்து ஒரு செப்புக் கம்பியைத் தரைக்கு இறக்கினார். அடி நின்றே போனது. “ஜிகினா எல்லாருந்தான் கட்டறாங்க சார். எர்த்து எவன் குடுத்தான்?” என்பார், முகமெல்லாம் சிரிப்பாக.

முதலாளி அதைத் தன் பெயரில் விண்ணப்பித்தார். தட்டச்சு செய்தவன் நான். சென்னைக் கம்பெனி ஒன்று ஆட்சேபித்தது: தொழில் தெரிந்த எவருக்கும் இது தானாகவே தோன்றும், இதற்கு உரிமை தரக் கூடாது என்று. அதை மறுக்க, அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டியிருந்தது. வெட்கங்கெட்ட முதலாளி மாஸ்டரையே பிடித்தார். ‘இருபது வருடம் மிஷின் ஓட்டியும் எனக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை.’ முதலாளி சொல்லச் சொல்ல நான் அடித்தேன், மாஸ்டருக்குப் படித்தும் காட்டினேன்.

“எனக்குத் தோணலன்னு நானே சொல்லணுமா சார்?” என்று மாஸ்டர் என்னைத்தான் கேட்டார்.

“பேஜாரு பண்ணாத, ஜல்தியா போடு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத,” என்றார் முதலாளி.

நான் பேனாவை நீட்டினேன். மாஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடமும் ஸ்டூலில் ஏறிச் சரம் கட்டினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த மாஸ்டர், ஆங்கிலத்தில் இருந்த சான்றிதழை அண்ணாந்து பார்த்து, “இதுல இன்னா சார் எழுதிக்கீது? யாரு கண்டுபுடிச்சதாம்?” என்றார்.

முதலாளி காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்: “நீங்கதான் மாஸ்டர்!”

அவர் முடிச்சை இறுக்கினார்.

“நானா? எனக்குத்தான் தோணவே இல்லியே சார். நீங்கதான டைப் அடிச்சீங்க.”