அக்கா பெயரில் ஒரு வண்டு

என் மாமாவைத் தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வண்டு சார் என்றால் வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அம்மாவின் ஒரே தம்பி. பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எங்கள் வீட்டு முன்னறையில் குடித்தனம். குடித்தனம் என்றால் அவரும் ஒரு நுண்ணோக்கியும்தான். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் அவர் பூச்சிப் பேச்சை எடுப்பார். வந்தவர்கள் ஆளை விட்டால் போதும் என்று எழுந்து போய்விடுவார்கள்.

தாத்தா இறந்தபோது அம்மா படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரித் திரைச்சீலை, கிழிந்த கால்சட்டை என்று எதையும் விட்டதில்லை. அந்த மிஷின்தான் மாமாவைப் படிக்க வைத்தது. இது மாமாவுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் சாப்பிடும்போது தலை நிமிர மாட்டார். "போதும்க்கா" என்பார். அம்மா காதில் வாங்காமல் இன்னொரு கரண்டி போடுவாள். தலை நரைத்த பிறகும் இதுதான் நடந்தது.

மாமாவின் வண்டுகள் எள்ளில் பாதி இருக்கும். மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், ஆனால் மரத்தைத் தின்னாது. பெண் வண்டின் உடம்பில் சின்னதாக ஒரு பை. அதில் காளான் விதையைக் கொண்டுபோய், துளைத்த சுரங்கத்தின் சுவரெல்லாம் பயிர் பண்ணும். தாயும் பிள்ளைகளும் சாப்பிடுவது அந்தக் காளானைத்தான். இதைச் சொல்லும்போது மட்டும் மாமாவின் குரல் ஓங்கும். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டார்.

ஒருநாள் நிலையத்தின் பின்புறம் வெட்டிப் போட்டிருந்த ஒரு கட்டையைப் பிளந்து பார்த்தார். உள்ளே வண்டுகள் மொய்த்துக் கிடந்தன. எல்லாம் அவர் சலித்துப்போகும் அளவுக்குப் பார்த்த வகை. அள்ளிக் குப்பைத் தொட்டியில் கொட்டினார். கடைசியில் மூன்று மட்டும் வேறு மாதிரி இருந்தன: குட்டை, வெளிறிய நிறம், கழுத்துக்கு மேலே ஒரு பள்ளம், பறக்க உதவாத இறக்கை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. அன்றைக்கு மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதிய உயிரை உலகத்துக்கு அறிமுகப்படுத்துவது லேசான வேலை இல்லை. முதுகுக் குழிகள் எந்த வரிசையில் இருக்கின்றன, மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது, காலின் ஓரத்துப் பல் கூர்மையா மழுங்கலா என்று அளந்து, வரைந்து, அதன் சொந்தபந்தம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு எழுத வேண்டும். மாமா எழுதினார். வயிற்றை அறுத்துப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கும். இருப்பதே மூன்று, அறுக்க மனசு வரவில்லை. பெண்தான் என்று முடிவு கட்டினார். பெயர் வைக்கும் உரிமை அவருடையது. அம்மாவின் பெயரை வைத்தார்.

கட்டுரை அச்சில் வந்த அன்று அம்மா அழுததை நான் பார்த்தேன். பூச்சியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலே மாட்டினாள். பொத்தான் தைக்க வந்தவர்கள்கூட அதைப் பார்க்காமல் போக முடியாது. "என் பேருங்க. என் தம்பி வச்சான்" என்பாள். அந்த நாட்களில் மாமா தலை நிமிர்ந்து சாப்பிட்டார். வாழ்க்கையில் அக்காவுக்கென்று ஒன்று செய்துவிட்டோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டார். பசியில்லை என்பார். தையல் அறைக்குள் வரவே மாட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மதியம் ஒருநாள் அவரைப் பிடித்து மிஷினுக்கு எதிரே உட்கார வைத்தாள். நான் ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்னடா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றார் மாமா. "அது புதுசு இல்ல. மாணவர்களுக்குக் காட்டறதுக்காகக் கண்ணாடிக் குழாய்ல, அந்தக் கட்டைல இருந்த பழைய வகைய வளர்த்தேன். ஒரே தாய். மகள் எல்லாம் தாய் மாதிரியே இருக்கு. ஒரே ஒரு மகன். அந்த மகன் இதேதான்." படத்தைப் பார்க்காமலே கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார். "ஆணைப் பார்த்துட்டு வேற வகைன்னு எழுதிட்டேன். ஆண் குள்ளமா இருக்கும்னு பாடம் நடத்துறவனே நான்தான். ஆசைல கண்ணு தெரியலக்கா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஆனா நான் எழுதியாகணும்."

"எழுதினா என் பேர எடுத்துடுவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. பழைய பேருக்குக் கீழ, இது தப்பா வச்ச பேருன்னு போடுவாங்க. அது அப்படியே இருக்கும்."

அம்மா சம்பந்தமில்லாமல் கேட்டாள்: "அந்த ஆம்பளப் பூச்சி என்னடா வேல செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதுக்கா. பொறந்த பொந்த விட்டு வெளிய போகாது. அக்கா தங்கச்சிங்க வளர்க்கிற காளானச் சாப்பிட்டுக்கிட்டு..."

பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். நான் ஒரு மடச்சி, களுக்கென்று சிரித்துவிட்டேன். மாமாவின் முகம் காது வரை சிவந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அம்மா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "அப்ப நீ குப்பைல கொட்டினியே, அதுங்கதான்டா பொம்பளைங்க" என்றாள். "வேல செஞ்சதெல்லாம் அதுங்கதான்."

மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் தைக்கக் கொடுத்த சீருடையை வாங்க வந்து நின்றாள். கூடவே ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய நாத்தனார். "பாத்தீங்களா அண்ணி, நான் சொன்னேன்ல, அந்தப் பூச்சி இதுதான். இந்த அக்கா பேரு!" என்று நர்ஸ் படத்தைக் காட்டினாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். "அது தப்புங்க" என்றார். "நான் பண்ணின தப்பு. அக்காவுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "அய்யய்யோ, அப்ப உங்க பேர்ல பூச்சி இல்லையாக்கா?"

"இருக்கு" என்றாள் அம்மா, சீருடையை மடித்தபடியே. "தப்புன்னு போட்டு இருக்கும். என் தம்பிய யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

மாமா இந்த முறை அறையை விட்டுப் போகாமல், அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.