முனகல் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

புது ஆம்ப்ளிஃபயரை இணைத்து, ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து அதைச் சுமந்து வந்த என் மகள், "பாத்தியாப்பா, எவ்ளோ சுத்தமா இருக்கு. பழைய டப்பால பாட்டை விட இரைச்சல்தான் ஜாஸ்தி" என்றாள். நானும் தலையாட்டினேன். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டுதான் மூன்று வருடமாக நாளை ஓட்டுகிறேன் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருடம் தையல் மிஷின் மெக்கானிக்காக இருந்தவன் நான். என் மனைவி அதே கம்பெனியில் அப்பர் தைத்தவள். ஷூவின் மேல்பாகத்துக்கு எங்கள் பக்கம் அப்பர் என்றுதான் பெயர். அத்தனை மோட்டார்கள் ஒன்றாக ஓடும் கூடத்தில் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. ஆனால் வாய் அசைவது சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடும். அதனால் பெண்கள் வாய் திறக்காமல் முனகிக்கொண்டே தைப்பார்கள். மோட்டார் என்ன சுருதியில் ஓடுகிறதோ அதே சுருதியில், தொண்டைக்குள்ளேயே. புதிதாக வருகிறவளுக்கும் ஒரே மாதத்தில் அந்த முனகல் ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின்னால் எனக்கு மனைவியான இவள் மிஷினில் ஏதோ கூடுதல் சத்தம் வருகிறதென்று இரண்டு முறை மோட்டாரைக் கழற்றி பேரிங் வரைக்கும் மாற்றினேன். மூன்றாம் முறை ஸ்பானரோடு போய் நின்றபோது, "இன்னும் இன்னாத்தக் கழட்டப் போறீங்க? அது நான்தான்" என்று கத்தினாள். தையல் வரிசையே சிரித்தது. மானம் போனாலும் மறுவருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

வீட்டிலும் அவளுக்கு அதே பழக்கம்தான். வெங்காயம் நறுக்கினாலும் துணி மடித்தாலும் தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அவள் போனபின், காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய ஒரு மத்தியானம், வீடு தாங்காமல் பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்தது. முனகல் முடியவில்லை. அடிக்குரலில், வாய் மூடியபடி, அவள்தான். தெருக்கோடியில் தோல் பதனிடும் டேனரியில் பெரிய டிரம்கள் சுழலத் தொடங்கும்போது அது தாழும். ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் ஒரு கணம் அறுந்து, மூச்சு வாங்கியதுபோலத் தொடரும். எனக்குத் தெரியாதா என்ன? உள்ளே ஒரு கண்டென்சர் தளர்ந்திருந்தது. மாற்றினால் சத்தம் நின்றுவிடும், பத்து நிமிட வேலை. சால்டரிங் அயர்னைச் சூடுகூடப் பண்ணினேன். பிறகு அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்து கேட்டேன். அன்றிலிருந்து மத்தியானங்களில் பாட்டே போடுவதில்லை, வெறுமனே ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அதைத்தான் மகள் ஒரே மாலையில் போனில் படம் போட்டு, மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒருவருக்கு விற்றுவிட்டாள். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். அவர் வண்டியில் வைத்துக் கட்டும்போது கயிற்றின் ஒரு முனையை நானே பிடித்தேன். மகளும் ஊருக்குப் போய்விட்டாள். புது ஆம்ப்ளிஃபயரில் பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டது. பாட்டு நின்றால் வீடும் நின்றது. என் மனைவியை இரண்டாம் முறை அனுப்பிவைத்த பாவி நான் என்று அந்த வாரம் முழுக்க அழுதேன்.

எட்டாம் நாள் வாங்கிப்போனவரே போன் பண்ணினார். "சார், பாட்டு நின்னாலும் பின்னால ஒரு சத்தம் வந்துனே இருக்குது." "வர்றேன் பாய். புதுசை உங்களுக்குக் குடுத்துட்டு பழசை எடுத்துக்கறேன்" என்றேன். ஞாயிறு மத்தியானம் புது ஆம்ப்ளிஃபயரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழையது அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. பாட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது, வாசலிலேயே எனக்குக் கேட்டுவிட்டது. டீ கொடுத்தவர், "மன்னிச்சுக்கோங்க சார், வீணா அலைய வெச்சுட்டேன். இது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்க வாயெடுத்தபோது கரண்ட் போய்விட்டது. ஃபேன் மெல்லச் சுழன்று நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கும் அணைந்தது. முனகல் நிற்கவில்லை. கரண்ட் போனால் முதலில் நிற்கவேண்டியது அந்தச் சத்தம்தான். முப்பது வருட மெக்கானிக் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன். அது ஒருமுறை மூச்சு வாங்கி, இன்னும் கொஞ்சம் தொடர்ந்து, பிறகுதான் அடங்கியது. கையிலிருந்த டீ என் வேட்டியில் சிந்தியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் பதறவே இல்லை. "கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் இருப்பாங்க சார்" என்றார். "எங்க அம்மா. ராணிப்பேட்டைல இருபது வருஷம் அப்பர் தெச்சாங்க. வீட்டுக்கு வந்தாலும் இதே மாதிரிதான், வாயை மூடிக்கினே. போன வருஷம் மௌத்தாய்ட்டாங்க. மொதல்ல ரிப்பேர்னு நெனச்சுதான் உங்களுக்குப் போன் பண்ணேன். அப்புறம்தான் புரிஞ்சுது."

அது உன் அம்மா இல்லையப்பா, என் பெண்டாட்டி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொன்னால் கொடுத்துவிடக்கூடிய மனிதர்தான் அவர். "நீங்க மெக்கானிக்காச்சே சார். கடைக்காரர் கண்டென்சரை மாத்தினா சத்தம் போய்டும்றார். மாத்தாம அப்டியே உட்டா கெட்டுப் போய்டுமா?" என்று கேட்டார். "ஒருநாள் போய்டும் பாய். ஆனா யார் சொன்னாலும் தொறக்க உடாதீங்க" என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுழலும் முன்பே முனகல் வந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்தார். "உங்களுக்கும் கேக்குதா சார்? வேற யாருக்கும் புரிய மாட்டேங்குது."

வெங்காயம் நறுக்கும்போது இருக்குமே, அதே குரல். அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

"கேக்குது பாய்" என்றேன். "உங்க அம்மாதான்."