தங்கம் கோலாரில் கிடைக்கிறது

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எங்கள் டீச்சருக்குக் காய்ச்சல் வரும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் எங்களுக்கு அடி விழும். அதனால் இன்ஸ்பெக்டர் என்ற ஆளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எனக்குக் கைகால் உதறும். அப்போது நான் ஐந்தாவது. அறுபதுகளின் தொடக்கம். தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில், எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். வகுப்பில் இருந்த அத்தனை பேரின் அப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள்.

அந்த வருஷம்தான் சரித்திரம், பூகோளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, சமூகப் பாடம் என்று ஒரு புதுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அதை எந்த லட்சணத்தில் படித்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். டீச்சர் ஆளுக்கொரு கேள்வியைப் பிரித்துக் கொடுத்து உருப்போட வைத்தார். எனக்கு வந்தது, ‘தங்கம் எங்கே கிடைக்கிறது?’ பதில், ‘தங்கம் கோலாரில் கிடைக்கிறது.’ கோலார் என்பது பங்காருபேட்டையைத் தாண்டி பஸ் ஏறிப் போகிற ஊர். காலுக்குக் கீழே தங்கத்தை வைத்துக்கொண்டு, ஏதோ சீமைச் சமாசாரம் போல அதை நான் ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பாடத்தின் கடைசியில், ‘உன் தகப்பனார் செய்யும் தொழிலைக் கேட்டு அறிக’ என்று ஒரு வரி இருந்தது. நான் போய்க் கேட்டுத் தொலைத்தேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்த நைனா எழுந்துபோய் அம்மிக்கல்லைப் புரட்டி, அடியிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்லை எடுத்தார். சாம்பல் நிறக் கல். ஓரத்தில் மட்டும் மஞ்சள் நூல் மாதிரி ஒரு கோடு.

“இதுக்குத்தாம்மே நாங்க பூமிக்குள்ள போறது,” என்றார். “ஏமாத்துற கல்லு வெளிச்சம் பட்டாத்தான் மினுக்கும். இது நெசம். நெழல்ல வெச்சாலும் மங்காது, பாரு.”

அம்மா ஓடிவந்து கதவைச் சாத்தினாள். “கொழந்தைகிட்ட இன்னாத்துக்குக் காட்றீங்க? குடும்பத்தையே தெருவுல நிறுத்தவா?” என்று நைனாவிடம் பாய்ந்தாள். என் பக்கம் திரும்பி, “வெளியில மூச்சு விடாதே. திருடன் வந்துடுவான்,” என்றாள்.

கல் வைத்திருந்தால் ஜெயில் என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்வீட்டு மாமாவை ஒருநாள் மைன்ஸ் வாச்சர்கள் பிடித்துக்கொண்டு போனதும், வாரம் திரும்புவதற்குள் அத்தையும் பிள்ளைகளும் மைன்ஸ் கொடுத்த வீட்டைக் காலி செய்து, பானை சட்டியோடு ரயிலுக்குப் போனதும் எனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்டால் தலையில் குட்டுதான் விழும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே மைன்ஸ் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரியும் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரின் கை நடுங்கிய நடுக்கத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்து விழுந்தது. என் முறை வந்ததும் ஒப்பித்தேன்.

“புஸ்தகத்துல இருக்கறது எனக்கும் தெரியும்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷர், பாவம். “நீ கண்ணால பாத்தத சொல்லு. தங்கம் எப்படி இருக்கும்?”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; இப்போதும் அப்படித்தான். கோட்டுப் போட்டவர் திருடனாக இருக்க முடியாதே!

“சாம்பல் கல்லுல மஞ்சக் கோடா இருக்கும் சார். நெழல்ல வெச்சாலும் மங்காது சார்.”

“பலே! உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க நைனா காட்னாரு சார். எங்க ஊட்ல இருக்குது.”

 வெளியே, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற ஷாஃப்ட்டின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி முன்னால் குனிந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. 

“எங்க வெச்சிருக்காரு பாப்பா?”

வாயைத் திறந்தேன். பளீரென்று கன்னத்தில் ஓர் அறை. அடித்தது டீச்சர்.

“வாயத் தொறந்தா பொய்யி! இவ இப்டித்தாங்க சார். நேத்து ஊட்ல யானை கட்டியிருக்குதுன்னா.”

யானையைப் பற்றி நான் பேசியதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் உயிர்த்தோழி, அடுத்த வீட்டு ஸ்டெல்லா எழுந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். “பொய்யி சார்! இவ ஊட்ல கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நான் டெய்லி போறேன் சார்,” என்றாள் அந்தப் பாதகத்தி. அவ்வளவுதான். “பொய்யி சார், பொய்யி சார்” என்று வகுப்பே கத்தியது. கடைசி வரிசை வரைக்கும் ஒரு வாய் பாக்கியில்லை. பயத்தில் என் பாவாடை நனைந்துவிட்டது.

“ஸ்டெல்லா, சாருக்குத் தண்ணி கொண்டா. ஓடு!” என்றார் டீச்சர். தண்ணீர்ப் பானை மூலையில்தான் டம்ளரோடு இருந்தது. ஸ்டெல்லா அந்தப் பக்கமே திரும்பாமல் வெளியே ஓடினாள்.

அதிகாரி எழுந்தார். இன்ஸ்பெக்டர் எப்போது தொலைவார் என்று காலையிலிருந்து கர்த்தரை வேண்டிக்கொண்டிருந்த டீச்சர், இப்போது வாசலை மறித்துக்கொண்டு, “இன்னும் கேளுங்க சார், ஆறுங்க பேரெல்லாம் சொல்லுவாங்க, மலைங்க பேரும் சொல்லுவாங்க,” என்று கெஞ்ச ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் அதிகாரியைக் கையமர்த்தி உட்கார வைத்தார். காவேரியிலிருந்து கங்கை வரை ஒப்பித்தார்கள். மலைகளை ஒப்பித்தார்கள். அசோகர் சாலையோரம் மரம் நட்டு முடித்தார். நான் மட்டும் நின்று அழுதுகொண்டிருந்தேன். ஸ்டெல்லா வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. முழங்கை வரை சேறு. கையிலிருந்த சொம்பு எங்கள் வீட்டுச் சொம்பு மாதிரி இருந்தது. இத்தனை நேரமா என்று டீச்சர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடித்தார். “நல்லா ஒப்பிக்கிறாங்க. ஆனா சொந்த ஊரைப் பத்தி ஒரு நெசம் சொல்லத் தெரியலையே டீச்சரம்மா. பாடம் யாருக்கும் ஏறல. அப்படித்தான் எழுதணும்,” என்றார் வருத்தத்தோடு.

“எழுதிக்குங்க சார்,” என்றார் டீச்சர். அவர் கை நடுங்கவில்லை.

சாயங்காலம் வாச்சர்கள் வந்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பாயை உதறினார்கள். புத்தர் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் தட்டிப் பார்த்தார்கள். நைனா கைகட்டி நின்றார். தினமும் பாதாளத்துக்குள் இறங்குகிற மனிதர், அவர்கள் உதறிப் போட்ட பாயின் ஓரத்தைக்கூட மிதிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார். எதிர்வீட்டு அத்தையின் பானை சட்டிகள் ஞாபகம் வந்தன. எல்லாம் என் வாயால் வந்தது, நைனாவைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று புரிந்தது. ஒருவன் அம்மியில் கை வைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அம்மி புரண்டு கிடந்தது. அடியில் ஈர மண். ஒரு பூரான் ஓடியது. வேறொன்றும் இல்லை.

“கல்லு எங்...” என்று வாயெடுத்தேன். அம்மா ஒரு கவளம் களியை என் வாயில் திணித்தாள். “கொழந்தைக்குப் பசி சார்,” என்றாள்.

அவர்கள் போனபிறகு கேட்டேன். “எந்தக் கல்லு? இன்னா கல்லு? கனவு கண்டியாம்மே?” என்றாள் அம்மா. நைனாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். அப்படியானால் டீச்சர் சொன்னதுதான் சரி, நான் இல்லாததை எல்லாம் பார்க்கிற பொய்க்காரி என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் அம்மா செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் எனக்கென்று எடுத்துவைத்த ஒரே ஒரு முட்டை இருந்தது. அதை வெங்காயம் போட்டுப் பொரித்து, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, மடியில் உட்கார வைத்து ஊட்டிவிட்டாள். நைனா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஊரறிய என்னைப் பொய்க்காரி ஆக்கியவளுக்கு என் முட்டை! சாகும்வரை அவளோடு பேச்சு கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டுக் குப்புறப் படுத்து அழுதேன்.

வருஷ முடிவில் டீச்சருக்கு எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. சமூகப் பாடம் சரியாக நடத்தவில்லை என்பதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் புறப்பட்ட அன்று, எங்கள் லைன் மொத்தமும் ஆண்டர்சன்பேட்டை பஸ் நிற்கிற இடம் வரை திரண்டு போனது. பிள்ளைகளை அறைகிற டீச்சருக்கு எதற்கு இத்தனை மாலை, அம்மா ஏன் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் பஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

“தங்கம் எங்கம்மே கெடைக்குது?”

“கோலார்ல, டீச்சர்,” என்றேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“அதான். யாரு கேட்டாலும் அதையே சொல்லு.”

பஸ் கிளம்பியது. ஒழிந்தார் என்று நினைத்துக்கொண்டு, அவர் தொட்ட கன்னத்தைப் பாவாடையால் அழுத்தித் துடைத்தேன்.